லினக்ஸ் சர்வரில் கர்னல் மாட்யூல்கள் தானாக ஏறுவதைத் தடுப்பது: பிளாக்லிஸ்ட் போதுமா?

மலைக்கோட்டை_ரூட்:

டெபியன் 12, கர்னல் 6.1. பல யூசர்கள் எஸ்எஸ்ஹெச் வழியாக வரும் சர்வர். கூடவே டாக்கரும் ஓடுகிறது. யாருக்கும் சூடோ கிடையாது. ஆனாலும் ஒரு சாதாரண யூசர் பைதானில் ஒற்றை வரியில் சாக்கெட் திறந்தால் (குடும்ப எண் 30, வகை 5) டிஐபிசி (கிளஸ்டர் சர்வர்கள் தங்களுக்குள் பேசும் நெட்வொர்க் நெறிமுறை) மாட்யூல், அதாவது கர்னலுக்குள் தேவைக்கேற்ப ஏறும் துணைத் துண்டு, தானாக ஏறிவிடுகிறது. ஏறிய மாட்யூல்களைக் காட்டும் எல்எஸ்மாட் அடித்தால் பெயர் நிற்கிறது.

கேள்விகள் மூன்று. ரூட் இல்லாதவர் எப்படி மாட்யூலை ஏற்ற முடிகிறது? பிளாக்லிஸ்ட் வரி எழுதிய பிறகும் மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளைக்கு அது ஏறுகிறதே, ஏன்? கர்னல்.மாட்யூல்ஸ்_டிசேபிள்டு = 1 என்று போட்டு மொத்தமாகப் பூட்டிவிட்டால் வேலை முடிந்ததா?

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளவும்.)

உள்கரு:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. மாட்யூலை ஏற்றுவது யூசர் அல்ல, கர்னல்தான். சாக்கெட் அழைப்பு உள்ளே போகிறது, 30ஆம் எண் குடும்பம் பதிவாகவில்லை என்று கர்னல் பார்க்கிறது, உடனே ரெக்வெஸ்ட்_மாட்யூல் என்ற உள் சார்பைக் கூப்பிடுகிறது. அது «நெட்-பிஎஃப்-30» என்ற பெயரைக் கையில் கொடுத்து /எஸ்பின்/மாட்ப்ரோப்-ஐ ரூட் அதிகாரத்தில் ஓட்டுகிறது. அந்தப் பெயர் ஒரு அலையாஸ் (மாற்றுப்பெயர்). டிஐபிசி மாட்யூல் அதற்குச் சொந்தம் கொண்டாடுவதால் அது ஏறுகிறது. கேட்டவர் யார் என்று இந்தப் பாதையில் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை.

மாட்யூல் ஏறும் வழிகள் மூன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

ஒன்று, மேலே சொன்ன கர்னல் கோரிக்கை. இரண்டு, யூடெவ் (சாதனங்களைக் கவனிக்கும் பின்னணி நிரல்): புதுச் சாதனம் தெரிந்ததும் கர்னல் அதன் அடையாளச் சரமான மாட்அலையாஸை அறிவிக்கிறது, சிஸ்டம்டி-யூடெவ்டி தன் லிப்கேமாட் நூலகம் மூலமாக நேரே ஏற்றுகிறது, மாட்ப்ரோப் நிரலைத் தொடுவதே இல்லை. மூன்று, ரூட் கையால் ஏற்றுவது, அல்லது மாட்யூல்ஸ்-லோடு.டி கோப்புகள் வழியாக மெஷின் பூட் ஆகும்போது ஏற்றுவது.

நீங்கள் பார்த்தது முதல் வழி. தாக்குபவருக்குப் பிடித்ததும் அதுதான்.

நூல்கண்டு:

பிடித்ததற்குச் சான்று வேண்டுமென்றால் பழைய ஓட்டைகளின் பட்டியலைப் பாருங்கள் (சிவிஇ என்பது ஓட்டையின் பதிவு எண்). 2010இல் ஆர்டிஎஸ் (சிவிஇ-2010-3904), அதே ஆண்டு கேன் பிசிஎம் (சிவிஇ-2010-2959). 2017இல் டிசிசிபி (சிவிஇ-2017-6074), அதே ஆண்டு என்_ஹெச்டிஎல்சி (சிவிஇ-2017-2636). 2021இல் வீசாக் (சிவிஇ-2021-26708), அடுத்து டிஐபிசி (சிவிஇ-2021-43267, சிவிஇ-2022-0435). சாதாரண வெப் சர்வரில் இவற்றில் ஒன்றுகூடத் தேவைப்படாது. ஆனால் எல்லாம் டிஸ்கில் தயாராக இருந்தன, கேட்டவுடன் ஏறின.

கர்னல்காரர்கள் சும்மா இருக்கவில்லை. முன்பு நெட்வொர்க் நிர்வாக உரிமை மட்டும் உள்ள நிரல், இன்டர்ஃபேஸ் பெயர் என்று சொல்லி எந்த மாட்யூலை வேண்டுமானாலும் ஏற்றலாம்; 2011இல் «நெட்டெவ்-» என்ற முன்னொட்டைக் கட்டாயமாக்கி அதை அடைத்தார்கள். 2013இல் கோப்பு முறைமைகளுக்கு «எஃப்எஸ்-», பிறகு கிரிப்டோவுக்கு «கிரிப்டோ-». இதனால் சம்பந்தமில்லாத மாட்யூலை ஏற்றும் வித்தை போயிற்று. சம்பந்தமுள்ள, ஆனால் ஓட்டையான மாட்யூலை ஏற்றுவது அப்படியே இருக்கிறது.

ஒவ்வொரு செயலிக்கும் (ப்ராசஸ்) தனித்தனியாகத் தானேற்றத்தை அணைக்கும் பேட்ச் ஒன்று 2017இல் முன்மொழியப்பட்டது. மெயின்லைனுக்குள் (அதிகாரபூர்வ கர்னல்) வரவில்லை. ஆகவே செயலிவாரியாக அணைக்கும் ஒரே சுவிட்ச் என்பது இன்றைக்கும் இல்லை, துண்டு துண்டாகத்தான் கட்ட வேண்டும்.

இன்னொன்று: டெபியனில் டிசிசிபி, ஆர்டிஎஸ் இரண்டின் தானேற்ற அலையாஸையும் டெபியன் பராமரிப்பாளர்களே கர்னல் பேட்சில் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்த எண்களை வைத்துச் சோதித்துவிட்டு «நம்ம சர்வர் பாதுகாப்பா இருக்கு» என்று முடிவு கட்டாதீர்கள். டிஐபிசியை வைத்துச் சோதித்ததுதான் சரி. மெயின்லைனில் டிசிசிபியையே 6.16இல் தூக்கிவிட்டார்கள், அது வேறு கதை.

இரவுப்பணி:

> பிளாக்லிஸ்ட் வரி எழுதிய பிறகும் ஏறுகிறதே

அண்ணே, அந்த வரியோட அர்த்தமே வேற. «பிளாக்லிஸ்ட் டிஐபிசி»ன்னு எழுதினா, அந்த மாட்யூலுக்கு உள்ளே எழுதியிருக்கிற அலையாஸ்களைக் கண்டுக்காதேன்னுதான் பொருள். நெட்-பிஎஃப்-30ன்னு கர்னல் கேட்டா ஏறாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா ஏறும். வேற மாட்யூல் இதைச் சார்ந்திருந்தா அதோட சேர்ந்தும் ஏறும். கர்னலும் சில இடத்துல அலையாஸை விட்டுட்டு மாட்யூலோட சொந்தப் பெயரையே கேக்கும், அங்கேயும் ஏறிடும்.

உறுதியா வேணும்னா /ஈடிசி/மாட்ப்ரோப்.டி/ கீழ ஒரு கோப்புல இப்படி எழுதுங்க:

இன்ஸ்டால் டிஐபிசி /பின்/ஃபால்ஸ்

இப்ப மாட்ப்ரோப் அந்த மாட்யூலை ஏத்துறதுக்குப் பதிலா ஃபால்ஸை ஓட்டும், தோத்துடும். யூடெவும் லிப்கேமாட் மூலமா இதே கோப்பைத்தான் படிக்குது, அதுக்கும் செல்லும். சார்பா ஏற வந்தாலும் நிக்கும். கேன் மாட்யூலை மட்டும் இப்படி மறிச்சா கேன்_ரா, கேன்_பிசிஎம் ரெண்டும் சேர்ந்து நின்னுடும். யூஎஸ்பி_ஸ்டோரேஜை மறிச்சா யூஏஎஸ்-உம் அப்படியே.

நிறைய கைடுல /பின்/ட்ரூ போட்டிருப்பாங்க. வேண்டாம். ட்ரூ «ஏறிடுச்சு»ன்னு பொய் சொல்லும், சார்ந்திருக்கிற மாட்யூல் அதை நம்பி மேலே போய் தெரியாத சிம்பல்னு கர்னல் லாக்ல கத்தும். என்ன நடந்ததுன்னு தேடுறவனுக்கு அரை நாள் போயிடும்.

சின்ன விஷயங்கள், ஆனா இதுலதான் பாதிப் பேர் மாட்டுறாங்க: கோப்புப் பெயர் «.கான்ஃப்»ல முடியணும், இல்லைன்னா படிக்காது. பெயர்ல ஹைஃபன், அடிக்கோடு எது போட்டாலும் ஒண்ணுதான். எழுதி முடிச்சதும் டெபியன், உபுண்டுல அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ, ரெட்ஹேட் பக்கம் ட்ராகட் -எஃப், ஆர்ச்ல எம்கேஇனிட்சிபிஐஓ -பி (பெரிய எழுத்து). ஏன்னா பூட் ஆரம்பத்துல இனிட்ராம்எஃப்எஸ் (முதல்ல ஏறுற தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) உள்ளே இருக்கிற பழைய நகலைத்தான் படிக்கும்.

உள்கரு:

ஒரு திருத்தம். இன்ஸ்டால் வரி மாட்ப்ரோப்பையும் லிப்கேமாட்டையும் மட்டுமே கட்டுப்படுத்தும். ரூட் இன்ஸ்மாட் கட்டளையில் கோப்பை நேரே கொடுத்தால் ஏறும். மாட்ப்ரோப்பிலேயே --இக்னோர்-இன்ஸ்டால் கொடுத்தாலும் ஏறும். கர்னலே மறுக்க வேண்டுமென்றால் பூட் வரியில் மாட்யூல்_பிளாக்லிஸ்ட்=டிஐபிசி,ஆர்டிஎஸ் என்று காற்புள்ளி போட்டுக் கொடுக்கலாம். அது கர்னலின் ஏற்றும் பகுதியிலேயே சரிபார்க்கப்படுகிறது, இன்ஸ்மாட்டும் தோற்கும். மாட்ப்ரோப்.பிளாக்லிஸ்ட்= என்பது பார்க்க அதேபோல இருக்கும், ஆனால் அது கேமாட் (மாட்ப்ரோப், லிப்கேமாட் அடங்கிய தொகுப்பு) படிக்கும் சாதாரண பிளாக்லிஸ்ட்தான். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

கர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவற்றுக்கு இதில் எதுவுமே செல்லாது. /லிப்/மாட்யூல்ஸ் கீழ் உங்கள் கர்னல் பதிப்பின் அடைவில் மாட்யூல்ஸ்.பில்டின் கோப்பைத் தேடிவிட்டு ஆரம்பியுங்கள்.

சிலிக்கான்_சித்தன்:

இத்தனை வரி எதற்கு? மாட்யூல்ஸ்_டிசேபிள்டு = 1. ஒருமுறை 1 ஆனால் ரீபூட் வரை ரூட்டாலும் 0 ஆக்க முடியாது. ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. தானேற்றம், யூடெவ், இன்ஸ்மாட் மூன்றும் ஒரே அடியில் அவுட். ரூட் அதிகாரம் பிடித்தவன் ரூட்கிட் (ஒளிந்திருக்கும் தீநிரல்) மாட்யூல் ஏற்றுவதும் நின்றது. பட்டியல் போட்டு மறிப்பவர்கள் நாளைக்கு எந்த மாட்யூலில் ஓட்டை வரும் என்று ஜோசியம் பார்க்கிறார்கள்.

இரவுப்பணி:

சித்தரே, பூட்டுறது சுலபம். எப்போ பூட்டுறீங்கங்கிறதுதான் சங்கதி. சிஸ்கண்ட்ரோல்.டி (கர்னல் அமைப்பு மதிப்புகளை வைக்கிற இடம்) கோப்புல அந்த வரியை எழுதினா சிஸ்டம்டி-சிஸ்கண்ட்ரோல் அதை மெஷின் பூட் ஆகுற ஆரம்பத்துலேயே செஞ்சு முடிச்சிடும். யூடெவ் இன்னும் சாதனங்களை எண்ணிக்கிட்டு இருக்கும். நெட்வொர்க் கார்டு டிரைவர் அதுக்கு முன்னாடி ஏறிச்சா, பின்னாடி வந்துச்சாங்கிறது அன்னைக்கு அதிர்ஷ்டம். பத்து பூட்ல ஒம்போது சரியா வரும், ஒண்ணுல நெட்வொர்க்கே இருக்காது. தூரத்து டேட்டாசென்டர் மெஷின்ல அந்த ஒண்ணு போதும்.

சிலிக்கான்_சித்தன்:

அதற்குத்தான் தனி சர்வீஸ் யூனிட். ஒன்ஷாட் வகை, சிஸ்கண்ட்ரோல் -டபிள்யூ கட்டளை. அதை நேரே எனேபிள் செய்யாமல் ஒரு டைமரில் மாட்டுங்கள், ஆன்பூட்செக்=3மின். பூட் முடிந்து டாக்கர், ஃபயர்வால், விபிஎன் எல்லாம் எழுந்த பிறகு பூட்டு விழும். ஏதாவது சிக்கினால் கர்னல் வரியில் சிஸ்டம்டி.மாஸ்க்= என்று டைமரின் பெயரைக் கொடுத்து பூட் செய்தால் பூட்டு விழாது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் செக்யூரிட்டி.லாக்கர்னல்மாட்யூல்ஸ் என்ற ஒரே அமைப்பில் கிட்டத்தட்ட இதே வேலை நடக்கிறது.

முதல் 3 நிமிடம் திறந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

நூல்கண்டு:

பூட்டிய பிறகு என்னென்ன உடையும் என்பதையும் எழுதிவிடுவோம், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே இழைக்கு ஆள் வருவார்கள்.

ஃபயர்வால்தான் முதல் பலி. என்எஃப்டியில் (ஃபயர்வால் விதி எழுதும் கருவி) புதிதாக லிமிட் அல்லது லாக் உள்ள விதியைச் சேர்க்கிறீர்கள். அந்த எக்ஸ்பிரஷனுக்கான மாட்யூல் இதுவரை ஏறியிருக்கவில்லை. என்எஃப்டி தரும் பிழை «நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி». எந்தக் கோப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். இல்லாதது கோப்பு அல்ல, மாட்யூல். டாக்கருக்கு ஓவர்லே, பிரிட்ஜ், பிஆர்_நெட்ஃபில்டர், வீத், எக்ஸ்டி_கான்ட்ராக், எக்ஸ்டி_அட்ரடைப், எக்ஸ்டி_மாஸ்கரேட் முன்கூட்டியே ஏறியிருக்க வேண்டும். வயர்கார்டு, டன் சாதனம், லூப் ஆகியவையும் அப்படியே.

ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அப்டேட் நேரத்தில் மட்டும் மவுண்ட் செய்யும் அமைப்பு என்றால் வீஃபேட், கூடவே என்எல்எஸ்_சிபி437 போன்ற எழுத்துக் குறியாக்க மாட்யூல்கள் இல்லாமல் மவுண்ட் தோற்கும், அதோடு பூட்லோடர் அப்டேட்டும் நிற்கும். கன்சோலில் விசைப்பலகையைச் செருகினால் யூஎஸ்பிஹெச்ஐடி இல்லாமல் அது வெறும் பிளாஸ்டிக்.

பூட்டுவதற்கு முன் தேவையானவற்றை /ஈடிசி/மாட்யூல்ஸ்-லோடு.டி/ கீழ் வரிக்கு ஒரு பெயராக எழுதிவையுங்கள்.

மலைக்கோட்டை_ரூட்:

விளக்கங்களுக்கு நன்றி. எது தேவை, எது தேவையில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆடிட்டில் (கர்னலின் தணிக்கைப் பதிவு) மாட்யூல் ஏற்றும் ஃபினிட்_மாட்யூல் அழைப்பைப் பதிந்தால் மாட்ப்ரோப் என்று மட்டும்தான் வருகிறது; யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை.

உள்கரு:

ஆடிட் பதிவில் வராது. மாட்ப்ரோப்பை ஓட்டுவது கர்னல் த்ரெட், எனவே உள்நுழைந்த யூசரின் அடையாளம் அங்கே காலியாக இருக்கும். கேட்டவர் தெரிய வேண்டுமென்றால் ட்ரேஸ்பாயின்ட் (கர்னலுக்குள் உள்ள கண்காணிப்புப் புள்ளி) பாருங்கள். /சிஸ்/கர்னல்/ட்ரேஸிங்/ஈவென்ட்ஸ்/மாட்யூல்/மாட்யூல்_ரெக்வெஸ்ட்/எனேபிள் கோப்பில் 1 எழுதிவிட்டு ட்ரேஸ்_பைப் கோப்பைப் படித்தால் இப்படி வரும்:

பைதான்3-4121 … மாட்யூல்_ரெக்வெஸ்ட்: நெட்-பிஎஃப்-30 வெயிட்=1 கால்_சைட்=__சாக்_கிரியேட்

கோரிக்கை எழும் இடத்திலேயே, கேட்ட செயலியின் சூழலிலேயே இது பதிகிறது. ஆகவே பெயர், எண் இரண்டும் உண்மையான ஆளுடையவை. கால்_சைட்டைப் பார்த்தால் சாக்கெட்டா, மவுண்டா, கிரிப்டோவா என்றும் தெரியும். பக்கத்தில் உள்ள மாட்யூல்_லோடு ஈவென்ட்டையும் சேர்த்து இயக்கினால் யூடெவ் ஏற்றுவதும் தெரியும்.

எத்தனை நாள் ஓட்டுவது? நாள் கணக்கு பார்க்காதீர்கள், நிகழ்வுக் கணக்கு பாருங்கள். ஒரு பேக்கப், ஒரு லாக் சுழற்சி, ஒரு பேக்கேஜ் அப்டேட், ஒரு கண்டெய்னர் புதிதாகக் கட்டுதல், ஒரு விபிஎன் இணைப்பு, ஒரு ரீபூட். இவை எல்லாம் ஒருமுறையாவது நடந்திருக்க வேண்டும்.

கறுப்புத்திரை:

சர்வீஸ்களுக்கு சிஸ்டம்டியில் புரொடெக்ட்கர்னல்மாட்யூல்ஸ்=யெஸ் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே சார்?

உள்கரு:

இருக்கிறது. அந்த அமைப்பு மாட்யூல் உரிமையைப் பறித்து, ஏற்றும் சிஸ்டம் அழைப்புகளை மறிக்கிறது, அவ்வளவே. சர்வீஸ் சாக்கெட் திறந்து, அதனால் கர்னல் தானாக ஏற்றுவதை அது தடுக்காது. அதன் மேன் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

தானேற்றத்தைத் தடுக்கும் அமைப்பு ரெஸ்ட்ரிக்ட்அட்ரஸ்ஃபேமிலீஸ்=. ஏஎஃப்_யுனிக்ஸ், ஏஎஃப்_இனெட், ஏஎஃப்_இனெட்6, ஏஎஃப்_நெட்லிங்க் நான்கை மட்டும் அனுமதித்தால், டிஐபிசி சாக்கெட் அழைப்பு செக்காம்ப் எனும் சிஸ்டம் அழைப்பு வடிகட்டியிலேயே விழும், ரெக்வெஸ்ட்_மாட்யூல் வரை போகவே போகாது. எஸ்எஸ்ஹெச்.சர்வீஸில் போட்டால் அதன் வழியாக வரும் எல்லா செஷனுக்கும் அது இறங்கும். உங்களுக்கும்தான்: ரூட் ஆகி டிசிபிடம்ப் ஓட்டினால் ஏஎஃப்_பாக்கெட் கிடைக்காது. ஆனால் க்ரான் வேலைகளும், யூசரின் சொந்த சிஸ்டம்டி மூலம் ஓடுபவையும் எஸ்எஸ்ஹெச்சின் பிள்ளைகள் அல்ல, அவை தப்பிவிடும். இது கூடுதல் தாழ்ப்பாள் மட்டுமே.

டாக்கர் கண்டெய்னருக்கும் இதே கதை. உள்ளே இருப்பவர் டிஐபிசி சாக்கெட் கேட்டால் ஏறுவது ஹோஸ்டில். டாக்கரின் இயல்பு செக்காம்ப் புரொஃபைல் டிஐபிசியை மறிப்பதில்லை.

நூல்கண்டு:

யூசர் நேம்ஸ்பேஸை மறந்துவிட்டீர்கள். சாதாரண யூசர் அன்ஷேர் -யூஆர்எம் அடித்துத் தனக்கென ஒரு குட்டி ரூட் ஆகி, மவுண்ட் -டி கொடுத்து ஏதாவது ஒரு கோப்பு முறைமையின் பெயரைச் சொன்னால் போதும். மவுண்டுக்கு அனுமதி மறுக்கப்படும், ஆனால் அதற்குள் «எஃப்எஸ்-» கோரிக்கை போய் மாட்யூல் ஏறியிருக்கும். ஃபயர்வால் மாட்யூலான என்எஃப்_டேபிள்ஸும் இந்த வழியில்தான் தாக்குபவர் கைக்கு எட்டுகிறது. ரூட்லெஸ் கண்டெய்னர், பிரவுசர் சாண்ட்பாக்ஸ் எதுவும் தேவைப்படாத சர்வரில் யூசர்.மேக்ஸ்_யூசர்_நேம்ஸ்பேசஸ் = 0 வைத்துவிடுங்கள். டெபியனில் கர்னல்.அன்பிரிவிலேஜ்டு_யூசர்என்எஸ்_குளோன் = 0 என்றும் தனியாக உண்டு.

டெர்மினல் பக்கம் ஒன்று: டெவ்.டிடிஒய்.எல்டிஸ்க்_ஆட்டோலோடு = 0. கர்னல் 5.1இல் வந்தது. என்_ஹெச்டிஎல்சி போன்ற லைன் டிசிப்ளின்களை (டெர்மினல் தரவைக் கையாளும் மாட்யூல்கள்) மாட்யூல் உரிமை இல்லாதவர் கேட்டால் ஏறாது. பிபிபிடி ரூட்டாக ஓடுவதால் அதற்குப் பாதகமில்லை. இதை யோசிக்காமல் போடலாம்.

கறுப்புத்திரை:

அப்படியானால் கர்னல்.மாட்ப்ரோப் சிஸ்கண்ட்ரோலையே வெற்றாக்கிவிட்டால்? கோரிக்கை போக நிரலே இருக்காதே.

உள்கரு:

நல்ல நடுவழி. ரூட்டாக, எகோ > /ப்ராக்/சிஸ்/கர்னல்/மாட்ப்ரோப். வெற்று வரி எழுதப்பட்டதும் கர்னல் கோரிக்கைகள் உடனடியாகத் தோற்கும். யூடெவ் நேரே ஏற்றுவதால் அது தொடர்ந்து வேலை செய்யும். புது டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் வழக்கம்போல. நீங்கள் மாட்ப்ரோப் அடிப்பதும் நடக்கும். திரும்பவும் /எஸ்பின்/மாட்ப்ரோப் என்று எழுதினால் பழையபடி ஆகிவிடும், ரீபூட் வேண்டாம். ஆகவே ரூட்டைப் பிடித்தவரை இது தடுக்காது. நூல்கண்டு சொன்ன என்எஃப்டி சிக்கல் இங்கேயும் உண்டு, ஏனென்றால் அந்த எக்ஸ்பிரஷன்கள் கர்னல் கோரிக்கை வழியாகத்தான் ஏறுகின்றன.

கர்னல் நினைவகத்தில் எழுதும் ஓட்டை கிடைத்தவர்கள் இந்த மாட்ப்ரோப் பாதைச் சரத்தையே தங்கள் நிரலுக்கு மாற்றி எழுதி ரூட் ஆவது பழகிய உத்தி. சிஸ்கண்ட்ரோலை வெற்றாக்கி வைப்பது அதைத் தடுக்காது, அவர்கள் அந்த இடத்தில் மீண்டும் எழுதிக்கொள்வார்கள். அதற்கு மருந்து கான்ஃபிக்_ஸ்டாடிக்_யூசர்மோட்ஹெல்பர், கர்னல் கட்டும்போதே போட வேண்டியது.

இரவுப்பணி:

எஸ்ஈலினக்ஸ் (கூடுதல் அணுகல் கட்டுப்பாடு) ஓட்டுறவங்களுக்கு: டொமைன்_கர்னல்_லோடு_மாட்யூல்ஸ் பூலியன் இயல்பா ஆஃப்லதான் இருக்கும், அப்படியே விடுங்க. மாட்யூல்_ரெக்வெஸ்ட் மறுப்பு லாக்ல வந்ததுன்னு ஆடிட்2அலோ போட்டுத் திறந்துவிடாதீங்க. அன்கன்ஃபைன்டு டொமைன்ல வர்ற ஆளுக்கு மட்டும் இது செல்லாது.

அப்புறம், கையெழுத்து கட்டாயம் (மாட்யூல்.சிக்_என்ஃபோர்ஸ்) போட்டா போதும்னு சிலர் நினைக்கிறாங்க. டிஸ்ட்ரோ கொடுத்த டிஐபிசியிலும் முறையான கையெழுத்து இருக்கு. அது ஓட்டையோடயே ஏறும்.

சிஐஎஸ் பாதுகாப்பு வழிகாட்டியை அப்படியே காப்பி அடிக்கிறவங்களுக்கும் ஒண்ணு. ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை மறிச்சா உபுண்டுல ஸ்னாப் செத்துடும். யூடிஎஃப்பை மறிச்சா அஸூர் மெஷின் முதல் பூட்ல தன் அமைப்பைப் படிக்க முடியாது. எஸ்சிடிபி டெலிகாம் வேலைக்கு வேணும், 5ஜி கோர்ல பேஸ் ஸ்டேஷன் பேசுறதே அதுல. வீசாக்கை விஎம் கெஸ்ட்ல மறிக்கிறதுக்கு முன்னாடி ஹைப்பர்வைசர் ஏஜென்ட் எதைப் பிடிச்சுப் பேசுதுன்னு பாருங்க.

மலைக்கோட்டை_ரூட்:

இதுவரை கிடைத்ததை வைத்து என் திட்டம்: டிஐபிசி, எஸ்சிடிபி, டிசிசிபி, ஆர்டிஎஸ், கேன், ஏஎக்ஸ்25, நெட்ராம், ரோஸ், எக்ஸ்25, ஆப்பிள்டாக், ஏடிஎம், என்_ஹெச்டிஎல்சி, யூஎஸ்பி_ஸ்டோரேஜ் எல்லாவற்றுக்கும் இன்ஸ்டால் வரி. லைன் டிசிப்ளின் சிஸ்கண்ட்ரோல். டாக்கர் இங்கே ரூட்லெஸ் இல்லை என்பதால் யூசர் நேம்ஸ்பேஸ் 0. பிறகு சித்தர் சொன்ன டைமர். சோதிப்பது எப்படி? லைவ்பேட்ச் (ரீபூட் இல்லாமல் கர்னலைத் திருத்தும்) சேவையும் பயன்படுத்தலாமா என்று யோசனை, அது மாட்யூல் பூட்டோடு ஒத்துப்போகுமா?

உள்கரு:

சோதனை: மாட்ப்ரோப் -என் -வி டிஐபிசி அடித்தால் இன்ஸ்டால் /பின்/ஃபால்ஸ் என்ற வரி தெரிய வேண்டும். அலையாஸ் எங்கே போகிறது என்று பார்க்க மாட்ப்ரோப் -ஆர் நெட்-பிஎஃப்-30 (பெரிய எழுத்து ஆர்). மொத்த அமைப்பும் எப்படிப் படிக்கப்பட்டது என்பதற்கு மாட்ப்ரோப் -சி (சிறிய எழுத்து). கடைசியாக சாதாரண யூசராக அதே பைதான் வரி: பிழை எண் 97, முகவரிக் குடும்பம் ஆதரிக்கப்படவில்லை என்று வர வேண்டும். மாட்யூல் ஏற்கெனவே ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றும், முதலில் ஆர்எம்மாட் அல்லது ரீபூட். ஏஎஃப்_ஏஎல்ஜி-யையும் (கர்னலின் கிரிப்டோ சாக்கெட்) பட்டியலில் சேர்க்கத் தோன்றினால், வைஃபை நிரலான ஐடபிள்யூடி அதை நம்பி ஓடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். சர்வரில் வைஃபை இல்லையென்றால் கவலையில்லை.

யூசர் நேம்ஸ்பேஸை 0 ஆக்கும் முன், டாக்கரில் யூசர்என்எஸ்-ரீமேப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் கண்டெய்னர் எழாது.

சிலிக்கான்_சித்தன்:

லைவ்பேட்ச்சும் ஒரு மாட்யூல்தான். பூட்டிய பிறகு புதுப் பேட்ச் ஏறாது, பிழை காட்டி நிற்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒருமுறை ரீபூட்டுக்கு நேரம் கிடைக்கும் மெஷினில் பூட்டு. ரீபூட்டே முடியாத மெஷினில் லைவ்பேட்ச், கூடவே இன்ஸ்டால் வரிகள், கையெழுத்துக் கட்டாயம். டிகேஎம்எஸ்ஸில் (மூலத்திலிருந்து டிரைவர் கட்டும் கருவி) கட்டும் டிரைவர்களுக்கும் இதே விதி: கட்டுவது நடக்கும், ஏறுவது அடுத்த ரீபூட்டில்.

மலைக்கோட்டை_ரூட்:

ரீமேப் இல்லை, பார்த்துவிட்டேன். ரீபூட்டுக்கு ஞாயிறு இரவு நேரம் உண்டு. அப்படியானால் பூட்டுதான்.